இரண்டு ஆள் இடம் பிடித்த வெளிச்சம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. இடுப்பில் மீட்டர், பையில் டெஸ்டர், காலில் ரப்பர் சப்பாத்து. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கப் புறங்கையால் தட்டிப் பார்ப்போம். இருந்தால் அதுவே சொல்லிவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

கம்பி இழுப்பதையும் மோட்டார் பிரிப்பதையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியை என்னிடம் ஒரு தடவை கேட்டார்கள். வெளிச்சம் இடத்தை அடைக்குமா, அடைக்காதா? இதுதான் கேள்வி. சிரிக்காதீர்கள். நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று ஒரு கல்யாணம் காத்துக்கொண்டிருந்தது.

இலங்கை மலைநாட்டில், றொசல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தோட்டத்துக்கு மட்டும் அந்தச் செய்தி முழுதாக வந்து சேரவில்லை. அங்கே தேயிலை பெக்டரியில் நான் மின்சாரம் பார்த்தேன். ஆற்றில் ஒரு டர்பைன் இருந்தது. அது சுற்றினால் பெக்டரி ஓடும். மிச்ச மின்சாரம் துரையின் பங்களாவுக்குப் போகும்.

தோட்டத்தை நடத்திய அந்தத் துரை ஸ்கொட்லாந்துக்காரர். மழைக்காலம் முழுவதும் பங்களாவில் தனியாக உட்கார்ந்து விஞ்ஞானப் புத்தகங்கள் படிப்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷருக்குப் பொழுது போகாவிட்டால் மற்றவர்கள் பாடு கஷ்டம். தமிழ் பேசுவதில் அவருக்கு ஒரு பெருமை. அவருடைய தமிழில் இலக்கணம் இருக்காது, சந்தேகமும் இருக்காது.

ஒரு வருஷம் அவருக்குத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கும் விளக்குப் போட வேண்டும் என்று ஆசை வந்தது. கொழும்புக் கம்பெனிக்கு எழுதினார். கேட்டதில் பாதி பல்புதான் வந்தது. வேறு யாராவது என்றால் பாதி லயங்களுக்குப் போட்டுவிட்டு மீதியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வார்கள். துரை விஞ்ஞானம் படித்தவர் அல்லவா? லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறையாகக் காம்பராக்கள் ஒட்டி ஒட்டித்தானே இருக்கின்றன, இரண்டு காம்பராவுக்கு நடுச்சுவரில் ஓட்டை போட்டு, ஓட்டையில் ஒரு பல்பைத் தொங்கவிட்டால் இரண்டு வீட்டுக்கும் ஆகிவிடாதா என்று கண்டுபிடித்தார். நானே சுவர் சுவராக ஓட்டை போட்டேன். இந்தப் பக்கம் பாதி வெளிச்சம், அந்தப் பக்கம் பாதி வெளிச்சம்.

காம்பராக்களில் சுவிட்ச் கிடையாது. பெக்டரியில் என் அறையில்தான் ஒரே ஒரு பெரிய சுவிட்ச். பொழுது சாய நான் போட்டால் எல்லா வீட்டிலும் எரியும். நான் இழுத்தால் எல்லா வீட்டிலும் அணையும். சனங்கள் என்னை ‘லைட்டையா’ என்று கூப்பிட்டார்கள். சூரியனுக்கு அடுத்தபடி என் உத்தியோகம்தான் என்று கொஞ்ச நாள் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

அந்தத் திமிரை அடக்கியவர் பேச்சியம்மா. மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். அவருடைய கணவர் கருப்பையா பெக்டரியில் தேயிலைப் பெட்டி அடைப்பவர். அவர்களுக்கு அடுத்த காம்பராவில் முனியாண்டி இருந்தார். விடியுமுன் எழுந்து பெக்டரி அடுப்புக்கு விறகு போடுவது அவர் வேலை. அதனால் பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார். கண்ணுக்கு நேரே பல்பு எரிந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? சுவிட்ச் இல்லாததால் ஓட்டையின் தன் பக்கத்தை ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையால் அடைத்துக்கொண்டு தூங்கினார். வினை அந்தப் பலகையில் தொடங்கியது.

ஒரு நாள் காலை பெரட்டுக்களத்தில் எல்லோரும் வேலைப் பிரிப்புக்காக நிற்கிறார்கள். துரை நாயோடு நிற்கிறார். பக்கத்தில் ஆள் கணக்குப் பார்க்கும் பெரிய கிளாக்கர். நான் ஏதோ பெக்டரி பெல்ட் விஷயமாகத் துரையிடம் பேச வந்திருந்தேன். பேச்சியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

“தொரைங்களே, எங்க காம்பராவுல எடமில்லைங்க.”

பெரிய கிளாக்கர் முந்திக்கொண்டார். “அதுக்குத்தான் அப்பவே பதில் சொல்லியாச்சே. ஒனக்கு ரெண்டாவது காம்பரா கெடையாது.”

“அது ஆளுக்கு எடமில்லேன்னு கேட்டதுங்கய்யா. இது லைட்டு வெவகாரம்.”

“லைட்டுக்கு என்ன?”

“முனியாண்டி அண்ணன் அந்தப் பக்கம் பலகைய வச்சு அடைச்சிடுறாருங்க. அவரு பங்கு வெளிச்சம் எங்கதான் போகும்? திரும்பி எங்க பக்கமே வந்துருது. ரெண்டு வீட்டு வெளிச்சமும் எங்க காம்பராவுல வந்து அடைஞ்சு கெடக்குதுங்க. பிள்ளைக கால நீட்டிப் படுக்க முடியல.”

களமே சிரித்தது. நானும் சிரித்தேன். துரை சிரிக்கவில்லை. பல மாத மழைக்குப் பிறகு வெயிலைப் பார்த்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“முனியாண்டி லைட் ஒன் ஊட்டுல வந்து ஒக்காந்துருக்கு?”

“ஆமாங்க.”

“எங்க ஒக்காந்துருக்கு?”

“எல்லா எடத்துலயுங்க.”

துரை என் பக்கம் திரும்பினார். லைட் ஒரு சாமானா, சாமான் இல்லையா, அது இடம் எடுக்குமா, எடுக்காதா என்று சோதித்துப் பார்த்துத் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். பெல்ட் விஷயத்தை அவர் காதிலேயே வாங்கவில்லை.

இதற்குள் இருந்த சங்கதி எனக்கு அன்று மத்தியானம்தான் தெரிந்தது. பேச்சியம்மாவின் மூத்த மகன் முத்துவுக்கு லிந்துலையில் பெண் பார்த்திருந்தார்கள். எல்லாம் பிடித்துப்போயிற்று. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தார். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். எட்டி உள்ளே பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாராம்: “மாப்பிள்ளை தங்கமான பையன்தான். எம் பொண்ண எங்க வைப்பீங்க?” தை மாதத்துக்குள் இன்னொரு காம்பரா கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு காம்பராவில் கருப்பையா, பேச்சியம்மா, பிள்ளைகள், தாலியறுத்த தங்கச்சி, அவளுடைய பிள்ளைகள் என்று ஒன்பது பேர் இருந்தார்கள். ஆனால் பெரிய கிளாக்கரின் கணக்கில் ஒன்பது பேர் இல்லை. வேலைக்குப் பேர் பதிந்தவர்தான் முழு ஆள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அரை ஆள். கைப்பிள்ளை ஆளே இல்லை. இப்படிக் கழித்துக் கழித்துப் பார்த்தால், இரண்டாவது காம்பரா கேட்க அவர்களுக்கு இன்னும் இரண்டு ஆள் குறைந்தது. பெரிய கிளாக்கர் கெட்டவர் இல்லை, சட்டத்தை மட்டும் பார்ப்பவர். கைப்பிள்ளை அழுதால்கூட அவருக்குக் காதில் விழாது. கணக்கில் இல்லாத பிள்ளை எப்படி அழும்?

பேச்சியம்மா தந்திரமாகத்தான் அந்தப் பேச்சைப் பேசினாரா, மெய்யாகவே நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

சோதனை பெக்டரியின் பெட்டி அடைக்கும் அறையில் நடந்தது. துரையே திட்டம் போட்டார். ஒரு தேயிலைப் பெட்டிக்குள் பல்பைத் தொங்கவிட வேண்டும். பல்பு எரியும்போது பெட்டியில் எவ்வளவு தூள் போகிறது, அணைத்திருக்கும்போது எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். எரியும்போது தூள் குறைவாகப் போனால், வெளிச்சம் இடம் எடுக்கிறது. தூளுக்குப் பொறுப்பான டீமேக்கர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

பெட்டியை அடைத்தவர் கருப்பையா. முதலில் பல்பை எரியவிட்டு நிரப்பினார். சூட்டுக்குப் பயந்து பல்புக்குப் பக்கத்தில் அழுத்தாமல் விட்டார். தூள் மிச்சம் வந்தது. அணைத்துவிட்டு நிரப்பச் சொன்னார்கள். தைரியமாக ஏறி மிதித்தார். அவ்வளவு தூளும் உள்ளே போய்விட்டது. துரை துள்ளினார். பெரிய கிளாக்கர் இது கள்ளத்தனம் என்றார். மறுபடி செய்தார்கள். மிதிபட்ட தூள் நொறுங்கிப் போயிருந்ததால், இந்தத் தடவை பல்பு எரியும்போதும் முழுவதும் உள்ளே போய், மேலே இடமும் மிஞ்சியது. அப்படியென்றால் வெளிச்சம் இருந்தால் இடம் கூடுகிறதா என்று துரை கேட்டார். யாரும் பதில் சொல்லுமுன் பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்தது. டீமேக்கர் பாய்ந்து பல்பைப் பிடுங்கினார்.

பெட்டியை விட்டுவிட்டு நான் என் யோசனையைச் சொன்னேன். கதவு ஜன்னலைச் சாத்தச் சொல்லி, தூசி பறக்கிற அந்த அறையில் இரண்டு டோர்ச்சுகளை எடுத்துக் குறுக்கும் மறுக்கும் அடித்துக் காட்டினேன். இரண்டு ஒளிக்கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, வந்த வழியே நேராகப் போயின. “பாருங்கள் சேர். இடத்தை அடைக்கிற பொருளாக இருந்தால் ஒன்றோடொன்று மோதியிருக்கும். இங்கே மோதவே இல்லை.”

எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. துரை மெதுவாகத் தலையாட்டினார். பெரிய கிளாக்கர் சந்தோஷமாக மூக்குப்பொடி எடுத்தார். கருப்பையாதான் பெட்டிக்குப் பின்னாலிருந்து பேசினார்.

“அதுக ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொந்தங்கய்யா, ஒதுங்கிப் போயிருதுக. எங்களுக்கு ஒதுங்கலியே. நாங்க என்ன லைட்டா?”

துரை பொறியில் அகப்பட்டவர் மாதிரி நின்றார். பிறகு சொன்னார்: சாயந்தரம் லைட்டையா முடிவு சொல்ல வேண்டும். வெளிச்சம் இடம் எடுக்கவில்லை என்றால் புகார் பொய், இனிமேல் இடம் கேட்டு யாரும் வரக்கூடாது. எடுக்கிறது என்றால், அது லேசான காரியம், பல்பைக் கழற்றிவிட்டால் இடம் திரும்ப வந்துவிடும்.

என் அறைக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்குச் சிக்கல் விளங்கியது. இல்லை என்று சொன்னாலும் முத்துவுக்குக் காம்பரா இல்லை. ஆமாம் என்று சொன்னாலும் காம்பரா இல்லை, இருக்கிற பல்பும் போய்விடும், கூடவே முனியாண்டி வீட்டு வெளிச்சமும் போய்விடும். டோர்ச்சை ஆட்டி வித்தை காட்டியவன் நான். இப்போது கல்யாணமும் என் கையால்தான் நிற்கப்போகிறது.

தம்பிமாரே, இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டிக்கோயாவில் ஒரு வேர்க்‌ஷொப்பில் நான் வேலை பழகினேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் பேச்சே பேசமாட்டார், ஏசுவார். பியூஸ் எரிந்ததும் ஓடிப்போய்ப் புதுப் பியூஸ் போட்டேன் என்று ஒரு நாள் ஸ்பானரை என்மேல் எறிந்தார். “எரிஞ்சது இங்க. கோளாறு இங்கயா இருக்கு? கம்பி எங்க போய் முடியுதோ அங்க போய்ப் பாரு மடையா.” அந்த ஸ்பானர் பட்ட இடம் மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. அவர் சொன்னதும் அதோடு சேர்ந்து ஞாபகம் வரும். நானோ காலையிலிருந்து பெட்டியையும் டோர்ச்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி போய் முடிகிற காம்பராவை நான் போய்ப் பார்க்கவே இல்லை. ஓட்டை போட்ட நாளில் பகல் நேரம், ஆட்கள் எல்லோரும் மலையில் இருந்தார்கள்.

நேராகத் துரையிடம் போனேன். பெட்டிச் சோதனை செல்லாது, வெளிச்சம் எங்கே உட்கார்ந்திருப்பதாகப் புகாரோ அங்கேயே பார்க்க வேண்டும் என்றேன். துரைக்கு அது பிடித்துவிட்டது. இன்னொன்றும் சொன்னேன்: சோதனை என்றால் எல்லாம் வழக்கம்போல இருக்க வேண்டும், வீட்டில் யாரும் வெளியே போய் நிற்கக்கூடாது, படுக்கிற மாதிரியே படுத்திருக்க வேண்டும். “சரி, சரி. எல்லா ஆளும் படு” என்றார் துரை, அங்கே யாரும் இல்லாவிட்டாலும்.

பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டு அவரோடு லயத்துக்குப் போனேன். துரை, நாய், பெரிய கிளாக்கர், நான். குனிந்து உள்ளே நுழைந்தோம். பேச்சியம்மா வீட்டார் வெட்கத்தோடு படுத்திருந்தார்கள். ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால். அடுப்புக்கு ஒட்டிப் பேச்சியம்மா, வாசற்படிக்கு ஒட்டிக் கருப்பையா. முத்து மட்டும் படுக்க இடம் இல்லாமல் சுவரோரம் குந்தியிருந்தான். தினமும் அப்படித்தான் தூங்குவானாம்.

துரை ஒரு காலை வைத்துவிட்டார். மற்றக் காலை வைக்க இடம் இல்லை. அதைத் தூக்கியபடியே நின்றார். தொப்பி கூரைத் தகரத்தில் முட்டியது. நாய் ஒரு பிள்ளையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு எழும்பமாட்டேன் என்றுவிட்டது. பெரிய கிளாக்கர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றார். நான் ஓட்டைக்குக் குரல் கொடுத்தேன்: “முனியாண்டி அண்ணே, பலகைய வைங்க.” பலகை வந்து அடைத்தது. காம்பரா இன்னும் கொஞ்சம் வெளிச்சமானது.

துரை ஒற்றைக் காலில் நின்றபடி கீழே பார்த்தார். கால்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கால்கள். எது யாருடையது என்று தெரியவில்லை. நானும் பார்த்தேன். இத்தனை நாளும் சுவிட்சைப் போட்டுவிட்டு, இவர்களுக்கு வெளிச்சம் கொடுக்கிறவன் நான் என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தவன் நான். அந்த வெளிச்சத்தில் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

“இந்த ஆள் எல்லாம் எப்பவும் இங்கதான் படுக்கறது?” என்றார் துரை.

“ஆமாங்க” என்றார் பேச்சியம்மா, படுத்தபடியே.

“லைட் வராத முன்னாடி?”

“லைட்டு வர்றதுக்கு முந்தி எடம் இருந்துச்சுங்க.”

“முன்னாடி ஆள் கொறச்சலா?”

“இதே ஆளுகதாங்க. இருட்டுல யாரு எங்க கெடக்கான்னு யாரு பாத்தா? படுத்தோம், எந்திரிச்சோம். லைட்டு வந்தப்புறந்தாங்க எடமில்லாமப் போச்சு.”

துரை தூக்கிய காலை மெதுவாகக் கீழே கொண்டுவந்து, இடம் காணாமல், மறுபடி தூக்கிக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார்: “எவ்வளவு எடம் எடுக்குது?”

“ரெண்டு ஆள் இடம் சேர்” என்றேன்.

பொய்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். டோர்ச்சைக் காட்டிச் சொன்னதும் நான், இதைச் சொன்னதும் நான். வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டபோது வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னேன். இந்தக் காம்பராவைப் பற்றிக் கேட்டபோது காம்பராவைப் பற்றிச் சொன்னேன். இரண்டும் சரியான அளவுகள். நான் இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“அப்ப பல்பைக் கழட்டிடு” என்றார் பெரிய கிளாக்கர், வாசலிலிருந்து.

“கழட்டலாம் சேர்” என்றேன் துரையைப் பார்த்து. “கம்பெனியிலிருந்து தோட்டம் பார்க்க விசிட்டிங் ஏஜென்ட் வரப்போகிறார். லயத்துக்கு லைட் போட்டிருப்பதைக் காட்ட வேண்டும் என்று சொன்னீர்கள். இந்த இரண்டு காம்பராவும் மட்டும் இருட்டாக இருக்கும். ஏன் என்று கேட்பார். உள்ளே இடம் போதாததால் வெளிச்சத்தை வெளியேற்றிவிட்டோம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.”

துரை என்னையும் தன் காலையும் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கிறவரால் ரொம்ப நேரம் யோசிக்க முடியாது என்பதையும் நான் கணக்கில் எடுத்திருந்தேன்.

“லைட் இங்க இருக்கும்” என்றார். “ரெண்டு ஆள் எடம் எடுக்குது. அப்ப ரெண்டு ஆள். கிளாக்கர், இந்த ஊட்டுக்கு இன்னொரு காம்பரா குடு.”

“பேர் பதியாத ஆளுக்கு எப்படிங்க சேர்?”

“அப்ப பேர் பதி.”

மறுநாள் ஒப்பீஸில் பெரிய கிளாக்கர் பேனாவை மையில் தோய்த்துவிட்டுக் காத்திருந்தார். எதிரே கருப்பையா. துணைக்கு நான். தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுக்காரர்கள்தானா என்று அத்தாட்சி கேட்கும் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, ஆளைப் பதியும்போது பிறந்த இடம், தகப்பன் பிறந்த இடம் எல்லாம் கேட்பது வழக்கமாகிவிட்டிருந்தது. பெரிய கிளாக்கர் ஆளுக்கு ஆள் பாரபட்சம் பார்க்கமாட்டார்.

“பேர்?”

“லைட்டுங்க” என்றார் கருப்பையா.

“தகப்பன் பேர்?”

கருப்பையா என்னைப் பார்த்தார். டர்பைன் ஓடுவது எதனால் என்று யோசித்து நான் சொன்னேன்: “ஆறு.”

“எத்தனை பேர்னு கேக்கல ஐயா. பேரைக் கேட்டேன்.”

“பேர்தான். ஆறு. தண்ணி ஓடுற ஆறு.”

எழுதிக்கொண்டார். “பொறந்த எடம்?”

“இந்தத் தோட்டந்தான். பாலத்துக்குக் கீழே, டர்பைன் அறையில்.”

“அத்தாட்சி?”

“நான் சாட்சி. பிறக்கும்போது பக்கத்தில் இருந்தவன்.”

“தகப்பன் பொறந்த எடம்?”

“மேல்மலை ஊற்று. அதுவும் இந்தத் தோட்டத்து எல்லைக்குள்ளதான்.”

பெரிய கிளாக்கருக்குப் பரம திருப்தி. தகப்பனும் பிள்ளையும் இந்த நாட்டிலேயே பிறந்து, கண்ணால் கண்ட சாட்சியும் உள்ள ஓர் ஆளை அவர் வெகுநாளாகப் பதிந்ததில்லை. ஆள் கணக்கில் அந்த ஒரு பேருக்கு எதிரே இரண்டு என்று போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கருப்பையா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்தின் தொங்கலில், தேயிலைச் செடி வெட்டும் பழைய கவ்வாத்துக் கத்திகள் போட்டிருந்த கடைசிக் காம்பராவைத் துப்புரவாக்கி லைட்டுக்குக் கொடுத்தார்கள். அங்கே பல்பு போடப் பெரிய கிளாக்கர் சம்மதிக்கவில்லை. அது லைட்டின் சொந்த வீடு, அதற்கு எதற்குத் தனியாக லைட் என்றார். தை மாதத்திலேயே கல்யாணம் நடந்தது. முத்துவும் லிந்துலைப் பெண்ணும் அந்தக் காம்பராவில் குடியேறினார்கள். விசிட்டிங் ஏஜென்ட் வந்து லயத்தைப் பார்த்துத் துரையின் கையைக் குலுக்கினார். எனக்கும் ஒரு பிளேட் பிஸ்கட் கிடைத்தது.

உங்களிடம் யாராவது ஆமாம் இல்லை என்று பதில் கேட்டால், அந்தப் பதிலைக் கொண்டுபோய் எங்கே வைக்கப்போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அளவெடுக்கப் போகும்போது ஆட்கள் வீட்டில் இருக்கிற நேரமாகப் போங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மின்சாரம். எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் கருப்பையா என் அறைக்கு வந்தார். கையில் அவருடைய குடியுரிமை விண்ணப்பம். “நான் பொறந்ததும் இந்தத் தோட்டத்து ஆத்தோர லயத்துலதாங்கய்யா. எங்கப்பனும் அங்கதான். லைட்டுக்குப் போட்டாப்ல எனக்கும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றார். அதே பேனாவால், அதே கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

சில மாதங்களில் விண்ணப்பம் திரும்பி வந்தது. இந்த நாட்டில் பிறந்ததற்குச் சாட்சி போதாதாம். அவர் என்னிடம் காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ மேன்முறையீடு, வேறு சாட்சி என்று உளறினேன்.

“விடுங்கய்யா” என்றார் கருப்பையா. “எம்மகனும் மருமகளும் இந்த நாட்டுக்காரன் வீட்டுலதான குடியிருக்காங்க. அவன் வெளிய போங்கன்னு சொல்ற வரைக்கும் இருந்துட்டுப் போறோம்.”

சொல்லிவிட்டுப் பெட்டி அடைக்கப் போய்விட்டார்.